பக்தாதும் பாதரசமும்

1971-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள். இராக் நாட்டின் வடபாலுள்ள கிர்கூக் நகர மருத்துவமனைக்கு விந்தையான நோயுற்றோர் வரத் தொடங்கினர். விரல் நுனிகளும் உதடுகளைச் சுற்றிய இடமும் மரத்துப் போயின என்றனர் சிலர். வேறு சிலருக்கு நடை தள்ளாடியது; நா குழறியது. எதிரே நிற்பவரின் முகம் தெரிந்தது, அருகே நிற்பவரின் தோள் தெரியவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழும் உழவர்களும் அவர்தம் மனைவி மக்களுமே ஆவர்.

நாட்கள் செல்லச் செல்ல நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் இதே செய்தி வந்தது. 1972-ஆம் ஆண்டின் முதல் மூன்று திங்கள்கள் கழிவதற்குள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் தொகை 6,530 ஆயிற்று. அவர்களுள் 459 பேர் மாண்டனர். மருத்துவமனையை எட்டாமலே வீடுகளில் உயிர் துறந்தோர் இக்கணக்கில் அடங்கார்.

அவர்கள் அனைவரும் உண்டது ரொட்டி. வீட்டிலேயே மாவாக்கி, வீட்டிலேயே பிசைந்து, வீட்டுத் தந்தூர் அடுப்பில் சுட்டெடுத்த கோதுமை ரொட்டி. அக்கோதுமையில் பாதரசம் இருந்தது.

ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர், இதே இராக்கின் தலைநகராம் பக்தாதில் மருத்துவமனையொன்றின் தலைவராக வீற்றிருந்த பேரறிஞர் ஒருவர், பாதரசம் எப்போது தீங்கற்றது, எப்போது கொல்லும் என்பதைச் சோதித்து எழுதி வைத்திருந்தார். அவ்வறிவு உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அது பிறந்த மண்ணில் வாழ்ந்த ஏழை உழவனை ஒரு மூட்டைக் கோதுமை ஏமாற்றிவிட்டது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வரலாற்றில் ஒரு குரங்கும், ஒரு பூனையும், சில கோழிகளும் வருகின்றன. அவற்றை வரிசையாகக் காண்போம்.

சொல்லின் பயணம்

பாதரசத்தை அறபு மொழியில் 'ஸீபக்' என்பர். பாரசீகத்தின் 'ஜீவா' என்னும் சொல்லே அறபில் இவ்வாறு உருமாறிற்று என்பது மொழியறிஞர் துணிபு. அறபு மக்கள் அந்தலுஸ் எனப்பட்ட ஸ்பெயின் நாட்டை ஆண்ட காலத்தில் அச்சொல்லும் உடன் சென்றது. ஸ்பானிய மொழியில் பாதரசத்திற்கு வழங்கும் 'அஸோகே' என்னும் சொல் அறபியின் வழிவந்ததே. அந்நாட்டில் உலகின் மிகப் பெரிய பாதரசச் சுரங்கம் அமைந்த ஊருக்கு 'அல்மாதேன்' என்று பெயர். அறபியில் 'அல்மஅதின்' என்றால் 'சுரங்கம்' என்பதே பொருள். கோர்தோவாவுக்கு வடக்கே அமைந்த பாதரசச் சுரங்கத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உழைத்ததைப் புவியியல் அறிஞர் அல்இத்ரீஸீ 12-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். அறபுப் பெயர் தாங்கிய அல்மாதேன், இந்த 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தன் வேலையை நிறுத்திற்று.

அரசர்களையும் இப்பொருள் மயக்கியது. எகிப்தை 884 முதல் 896 வரை ஆண்ட குமாரவைஹி என்னும் தூலூனிய அரசர், உறக்கம் வராமல் வருந்தியபோது, அரண்மனையில் பாதரசத்தால் ஒரு குளம் அமைத்து, அதன்மேல் காற்றடைத்த தோல் மெத்தையை மிதக்கவிட்டுப் படுத்தார் என்று வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ கூறுகிறார். நிலவொளியில் அக்குளம் மின்னியது கண்டு மக்கள் வியந்தனராம். அக்குளத்திலிருந்து இரவும் பகலும் எழுந்த கண்ணுக்குத் தெரியாத ஆவியைப் பற்றி வியந்தவர் எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

அர்ராஸீயின் குரங்கு

அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ ஏறத்தாழ 865-இல் பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்தார். 925-ஐ ஒட்டி மறைந்தார். ரய் நகரிலும் பின்னர் பக்தாதிலும் 'பீமாரிஸ்தான்' எனப்பட்ட மருத்துவமனைகளின் தலைமையை ஏற்றவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு பிரித்தறிந்து நூல் செய்தவர். நோயாளிகளில் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மறுசாராருக்கு வடியாமல் விட்டும், இருசாராரையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தம் பெருநூலில் குறித்து வைத்தவரும் அவரே. 'முன்னோர் சொன்னார்' என்பதோடு அவர் மனம் நிறைவதில்லை. தாமே பார்க்க வேண்டும்.

பாதரசத்தை விழுங்கினால் என்னாகும் என்ற வினாவுக்கும் அவ்வாறே விடை தேடினார். தம்மிடமிருந்த குரங்கொன்றுக்கு அதனைப் புகட்டினார். குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தது. அதற்குமேல் தீங்கு எதனையும் தாம் காணவில்லை என்று எழுதினார். தூய நீர்மப் பாதரசம் வயிற்றிலும் குடலிலும் வலி உண்டாக்கிவிட்டு, உட்சென்ற வடிவிலேயே வெளியேறிவிடும் என்பது அவர் கண்ட முடிபு.

அவர் அங்கேயே நின்றிருந்தால் அவ்விடையே ஒரு பொறியாக அமைந்திருக்கும். அவர் நிற்கவில்லை. உருமாற்றிக் 'கொல்லப்பட்ட' பாதரசமும், தீயிலேற்றிப் பதங்கமாக்கிய பாதரசமும் கொடிய நஞ்சுகள், கடும் வயிற்று வலியையும் குருதிக் கழிச்சலையும் தந்து கொல்லும் என்று அடுத்தே எச்சரித்தார். பதங்கமாக்கிய அவ்வுப்பையே தமிழ் மருத்துவ நூல்கள் 'வீரம்' என்று வழங்குகின்றன.

ஒரே பொருள், வடிவம் மாறினால் இயல்பு மாறும். 'பாதரசம் நஞ்சா?' என்று கேட்பதே குறையுடைய வினா. 'எந்தப் பாதரசம், எவ்வழியே உட்சென்றது?' என்று கேட்க வேண்டும். இஃதே அர்ராஸீ நமக்குத் தந்த செல்வம்.

இக்கால அறிவியல் இதனை முழுமையாக ஏற்கிறது. நீர்மப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட ஈர்ப்பதில்லை. அதே பாதரசம் ஆவியாகி மூச்சில் கலந்தால் நுரையீரல் ஏறத்தாழ 80 விழுக்காட்டை ஈர்த்துக்கொள்கிறது. அது மூளையைச் சென்று தாக்கி நடுக்கத்தையும் மனக்கலக்கத்தையும் தருகிறது. வீரம் போன்ற உப்புகள் குடலை அரித்துச் சிறுநீரகத்தை அழிக்கின்றன. நான்காவது வடிவம் ஒன்றுண்டு. அதனை அர்ராஸீ அறியார், அறிந்திருக்கவும் இயலாது. அது கரிமச் சேர்மமாகிய மெத்தில் பாதரசம். உணவோடு சென்றால் ஏறத்தாழ 95 விழுக்காடு உடலில் சேர்ந்துவிடும். சேர்ந்தபின் மூளையின் காவலையும், கருப்பையின் காவலையும் ஒருசேரக் கடந்துவிடும்.

நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் காய்ச்சல்மானி ஒன்று கை தவறி உடைந்தது. சிதறிய வெள்ளி மணிகளை மாணவர்களாகிய நாங்கள் உள்ளங்கையில் உருட்டி விளையாடினோம். எங்கள் ஹஜ்ரத் வந்து கடிந்து, சாளரங்களைத் திறக்கச் செய்து, மணிகளை ஒரு தாளில் திரட்டிப் புட்டியில் இட்டு மூடினார். "தொட்டால் ஒன்றும் ஆகவில்லையே ஹஜ்ரத்" என்றேன். "இன்று ஒன்றும் ஆகவில்லை என்பதால் என்றும் ஒன்றும் ஆகாது என்று ஆகிவிடுமா தம்பீ?" என்றார். அவ்வினாவின் ஆழம் இராக்கின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

களிம்பும் அதன் விலையும்

அறபு மருத்துவர்கள் சொறி சிரங்கிற்கும் பேனுக்கும் பாதரசக் களிம்பைத் தோலின்மேல் பூசினர். இக்களிம்பு ஐரோப்பாவுக்குச் சென்று, 'சாரசேனியர் களிம்பு' என்னும் பெயரோடு வழங்கிற்று. சாரசேனியர் என்று அவர்கள் குறித்தது முஸ்லிம்களையே. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேகப்புண் நோய் ஐரோப்பாவில் பரவியபோது அங்குள்ள மருத்துவர்கள் இக்களிம்பையே பற்றிக்கொண்டனர். மூடிய அறைகளில் நோயாளியை இருத்தி, உடலெங்கும் பூசி, நெருப்பு மூட்டி வியர்க்க வைத்தனர். எச்சில் படிக்கணக்கில் ஒழுகியது, பற்கள் உதிர்ந்தன, கைகள் நடுங்கின. அவை நஞ்சின் குறிகள். அவர்களோ, நோய் வெளியேறுகிறது என்று மகிழ்ந்தனர். இவ்வழக்கம் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் நீடித்தது. களிம்பை ஏற்றவர்கள் அதனோடு அர்ராஸீயின் ஐயவுணர்வையும் ஏற்றிருந்தால் எத்துணையோ உயிர்கள் தப்பியிருக்கும்.

மினமாட்டாவின் பூனை

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். விதைத் தானியத்தைப் பூஞ்சை நோயிலிருந்து காக்கக் கரிமப் பாதரசச் சேர்மங்களைப் பூசும் முறை ஐரோப்பாவில் பரவியது. அவற்றைச் செய்யும் இங்கிலாந்துத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் நால்வர் நோயுற்றதை ஹண்டர், பாம்ஃபோர்டு, ரஸ்ஸல் என்னும் மருத்துவர் மூவர் 1940-இல் விரிவாக எழுதினர். கைகால் மரத்தல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பார்வை குறுகல் என அவர்கள் பட்டியலிட்ட குறிகள் அனைத்தும், 31 ஆண்டுகள் கழித்துக் கிர்கூக்கில் கண்ட குறிகளேயாகும்.

ஜப்பானின் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் இதே நோய் 1956-ஆம் ஆண்டு மே முதல் நாள் அரசின் நலவாழ்வு அலுவலகத்திற்கு முறையாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர், சிஸ்ஸோ என்னும் வேதித் தொழிற்சாலையின் மருத்துவமனைத் தலைவர் ஹொசொகவா ஹஜிமே. தொழிற்சாலையின் கழிவுநீரோடு மெத்தில் பாதரசம் கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனை உண்ட மக்களிடம் வந்தடைந்தது. 1959-இல் ஹொசொகவா, தம் தொழிற்சாலையின் கழிவுநீரைப் பூனையொன்றின் உணவில் கலந்து கொடுத்தார். 400 என்று எண்ணிடப்பட்ட அப்பூனைக்கு அக்டோபர் மாதம் மினமாட்டா நோய் கண்டது.

அவர் நிருவாகத்திடம் தெரிவித்தார். அச்சோதனை தொடரத் தடை விதிக்கப்பட்டது. முடிவு வெளியே சொல்லப்படவில்லை. கழிவு 1968 வரை கடலில் கலந்தது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் ஜப்பானிய அரசு உண்மையை ஒப்பியது. நோய்ப் படுக்கையில் இருந்த ஹொசொகவா, 1970-இல் அப்பூனையைப் பற்றிச் சான்று கூறிவிட்டு, அதே ஆண்டில் மறைந்தார்.

அர்ராஸீ தம் குரங்கிடம் கண்டதை நூலில் எழுதி ஊரறியச் செய்தார். மினமாட்டாவின் பூனை உண்மையைச் சொல்லியும் மனிதர்கள் அதனை ஒளித்தனர். சோதனை செய்வது அறிவின் ஒரு பாதி. அதன் முடிவை உரியவரிடம் சேர்ப்பது மறுபாதி.

இராக்கின் கோழிகள்

இராக்கிற்கு இத்துயரம் முதன்முறையாக வந்ததும் அன்று. 1956-இலும் 1960-இலும் பாதரசம் பூசிய விதையை உண்டு அந்நாட்டு உழவர்கள் நோயுற்றும் மாண்டும் போயினர். ஸ்வீடன் நாட்டில் வயல்வெளிப் பறவைகள் செத்து வீழ்ந்ததைக் கண்டு, இத்தகைய விதைப் பூச்சு மருந்துகளை 1966-இல் தடை செய்துவிட்டனர். இவ்வளவுக்குப் பிறகும் 1971 வந்தது.

வறட்சியால் விளைச்சல் பொய்த்திருந்த காலம் அது. அரசு, மெக்சிகோவில் உருவான உயர்விளைச்சல் கோதுமை விதையை 73,000 டன் அளவுக்கு வரவழைத்தது. அதனோடு 22,000 டன் வாற்கோதுமை விதையும் வந்தது. பஸ்ரா துறைமுகத்தில் இறங்கிய தானியம் நாடெங்கும் உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மெத்தில் பாதரசம் பூசப்பட்டது என்பதைக் காட்ட அதற்குச் செந்நிறச் சாயம் ஏற்றியிருந்தனர். மூட்டைகளின்மேல் எச்சரிக்கையும் இருந்தது. எந்த மொழியில்? ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும்!

பாதரசத்திற்குப் பெயரையே அறபியிடம் கடன் வாங்கிய மொழியில், அறபு உழவனுக்கும் குர்திய உழவனுக்கும் எச்சரிக்கை! மூட்டையின் மேலிருந்த மண்டையோட்டுச் சின்னமும் அவர்களுள் பலருக்குப் பொருள் விளங்காத படமாகவே இருந்தது.

விதை வந்து சேர்ந்தபோது பல இடங்களில் விதைப்புப் பருவம் கழிந்திருந்தது. தத்தம் கைவிதையை மண்ணில் இட்டுவிட்ட உழவர்களின் வீட்டில் உண்ணத் தானியமில்லை. எதிரே செக்கச் சிவந்த கோதுமை மூட்டை. அவர்கள் கண்மூடிக்கொண்டு உண்டுவிடவில்லை என்பதை ஈண்டு வலியுறுத்த வேண்டும். 'படிக்காத மக்கள், ஆராயாமல் உண்டனர்' என்று கூறுவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது கொடுமையாகும். அவர்களுக்கு ஐயம் இருந்தது. சிலர் தானியத்தை நீரில் கழுவினர்; சாயம் கரைந்தோடியது; நஞ்சும் போயிற்று என்று நம்பினர். சாயம்தான் போயிற்று. பாதரசம் தானியத்திலேயே தங்கிவிட்டது. வேறு சிலர் இன்னும் விழிப்புடையோர். கோழிகளுக்குச் சில நாட்கள் அத்தானியத்தைப் போட்டுப் பார்த்தனர். கோழிகள் வழக்கம்போல் மேய்ந்து திரிந்தன. பிறகே மனைவி மக்களுக்கு ரொட்டி சுட்டனர்.

அர்ராஸீ குரங்கிடம் செய்த அதே சோதனைதான் இது! பெயரறியாத அவ்வுழவர்கள் தம்மையறியாமலே அப்பேரறிஞரின் வழி நின்றனர். ஆயினும் மெத்தில் பாதரசத்திற்கு ஒரு வஞ்சக இயல்பு உண்டு. அது உட்சென்ற நாளிலோ மறுநாளிலோ தன்னைக் காட்டுவதில்லை. வாரக்கணக்கில் ஒளிந்திருந்து, மூளையில் போதிய அளவு சேர்ந்த பின்னரே வெளிப்படும். ரொட்டி உண்பதை நிறுத்திய பின்னரும் பல நாட்கள் நலமாக இருந்து, அதன்பிறகு வீழ்ந்தவர் பலர். கோழிகளைச் சில நாட்கள் பார்த்தது போதவில்லை. எத்தனை நாள் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல அருகில் எவருமில்லை.

அக்கோதுமையில் இருந்த பாதரசம் கிலோவுக்குச் சராசரி 8 மில்லிகிராம் அளவே. கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது. நாள்தோறும் ரொட்டியாய் உண்டபோது அதுவே மலையாயிற்று.

ஜனவரியில் அரசு எச்சரிக்கை விடுத்தது. அத்தானியத்தை விற்போருக்கு மரண தண்டனை என்றும் அறிவித்தது. அஞ்சிய உழவர்கள் மூட்டைகளைக் கண்ட இடங்களில் கொட்டினர். திஜ்லா ஆற்றிலும் கொட்டினர். செய்தி வெளியுலகம் செல்லாதவாறு தடையும் இருந்தது.

மருந்தின் எல்லை

இனி மருத்துவத்தைப் பார்ப்போம். அறபு கீமியா அறிஞர்கள், உலோகங்கள் அனைத்தும் பாதரசமும் கந்தகமும் கூடிப் பிறந்தவை என்று கருதினர். ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்களில் இக்கொள்கை காணப்படுகிறது. உலோகங்களைப் பொறுத்தவரை அக்கொள்கை பிழையானது. ஆனால் பாதரசமும் கந்தகமும் ஒன்றையொன்று விடாது பற்றும் என்று அவர்கள் கண்டது மெய். அவ்விரண்டும் கூடிய பொருளே இலிங்கம். உடலில் பாதரசம் செய்யும் தீங்கும் இப்பற்றினாலேயே விளைகிறது; நம் புரதங்களில் உள்ள கந்தகத்தை அது பற்றிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கிறது.

மாற்று மருந்தும் இதே வழியில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர்ஸ் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், ஆர்சனிக் கலந்த போர் நச்சுக்கு மாற்றாகக் கந்தகம் பொதிந்த ஒரு மருந்தைக் கண்டனர். 'பால்' என்று சுருக்கமாக வழங்கப்பட்ட அது, வீரம் போன்ற பாதரச உப்புகளை உண்டவர்களையும் காப்பாற்றியது. உடலின் கந்தகத்தை விட்டுத் தன் கந்தகத்தைப் பற்றுமாறு பாதரசத்தை ஈர்த்து, சிறுநீரோடு வெளியேற்றுவதே அதன் வேலை. பின்னர் சோவியத் நாட்டிலும் சீனத்திலும் அதே இனத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த மருந்துகள் உருவாயின.

ஆயினும் அர்ராஸீயின் வினா இங்கேயும் திரும்பி வருகிறது: எந்தப் பாதரசம்? வீரத்திற்கு மருந்தான அந்தப் 'பால்', மெத்தில் பாதரசத்திற்குத் தரப்பட்டால், நஞ்சை மூளைக்கே மேலும் கொண்டு சேர்க்கும் என்பதை விலங்குச் சோதனைகள் காட்டின. ஆகவே இவ்வகை நச்சுக்கு அது விலக்கப்பட்டது. ஒரு வடிவத்தின் மருந்து மறு வடிவத்தின் துணைவனாகி விடுகிறது.

பக்தாது மருத்துவர்கள் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்களோடு சேர்ந்து பிற மருந்துகளை ஆராய்ந்தனர். பென்சிலமைன் கொடுத்தனர், டிஎம்பிஎஸ் என்னும் சோவியத் மருந்தைக் கொடுத்தனர், கந்தகம் பொதிந்த பிசின் ஒன்றையும் உண்ணக் கொடுத்தனர். கல்லீரல் பித்தத்தோடு குடலில் விடும் பாதரசத்தைக் குடல் மீண்டும் ஈர்த்துக்கொள்ளாதவாறு அப்பிசின் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்தில்லாத நோயாளியின் குருதியில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. பிசினால் அது மூன்று வாரமாகவும், டிஎம்பிஎஸ் மருந்தால் ஏறத்தாழ 10 நாளாகவும் குறைந்தது.

அளவுகோலில் இது பெருவெற்றி. கட்டிலில் கிடந்தவரிடமோ அவ்வெற்றி தெளிவாகத் தெரியவில்லை. குருதியிலிருந்து நஞ்சை எடுக்கலாம்; இறந்துபோன மூளை உயிரணுவை எழுப்ப மருந்தில்லை. இலேசாகவும் நடுத்தரமாகவும் தாக்கப்பட்டோர் பலர் காலப்போக்கில் தேறினர். தள்ளாடியவர் சிலர் மீண்டும் நடந்தனர். கடுமையாகத் தாக்கப்பட்டவர்க்கு இழந்த பார்வை திரும்பவில்லை. நோய்க்குறி தோன்றுமுன் கொடுத்தால் மருந்து பயன் தரும். ஆனால், நோய்க்குறி தோன்றுமுன் ஒருவர் நஞ்சுண்டதை அறிவது எப்படி? மூட்டையின் மேலிருக்கும் எழுத்தைப் படித்து அறிய வேண்டும்!

தாய்மாரின் தலைமுடி

இவ்விருட்டில் ஒளியேற்றிய பெண்மணி ஒருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். லமான் அமீன் ஸகீ என்னும் குழந்தை மருத்துவர், கருவுற்றிருந்த காலத்தில் அந்த ரொட்டியை உண்ட தாய்மாரையும் அவர்தம் மக்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். தாய்க்கு இலேசான மரத்துப்போதல் மட்டுமே இருக்க, அவள் ஈன்ற மகவு கண்ணொளி இழந்தும், கைகால் விறைத்தும், கழுத்து நில்லாமலும் இருந்ததைக் கண்டார். தாய்ப்பாலிலும் பாதரசம் இருந்தது.

தாய் எப்போது, எவ்வளவு உண்டாள் என்பதை அறியும் வழியும் கிட்டியது. தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. குருதியில் உள்ளதைப்போல் 250 மடங்கு பாதரசம் முடியில் படிகிறது. நீண்ட கூந்தலை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தால், எந்த மாதம் எவ்வளவு நஞ்சு என்று அது நாட்குறிப்பேடு போலச் சொல்லிவிடும். எழுதப் படிக்க அறியாத தாய்மாரின் கூந்தல், படித்த உலகம் படிக்க வேண்டிய ஏடாயிற்று.

கருவுற்ற பெண் நாளொன்றுக்கு எவ்வளவு மெத்தில் பாதரசத்தைத் தீங்கின்றி ஏற்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு அமைப்பு 1995-இல் வகுத்த அளவு, இராக்கியத் தாய்மார், குழந்தைகள் பற்றிய இக்கணக்கிலிருந்தே பெறப்பட்டது. இன்று மகப்பேற்று மருத்துவர் ஒருவர், "பெரிய மீன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று அறிவுரை கூறும்போது, அதன் பின்னே திஜ்லாக் கரையின் அத்தாய்மார் நிற்கின்றனர்.

1974 செப்டம்பரில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் மாநாடு பக்தாதிலேயே கூடி, பாதரசம் பூசிய விதையால் நேரும் நச்சுப்பாட்டை ஆராய்ந்தது. 2013-இல் மினமாட்டாவின் பெயரால் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்டு 16 முதல் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கை மினமாட்டாவின் பெயரைத் தாங்குவது முறையே. கிர்கூக்கின் பெயரையும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

நம்மவர் பலர், 'அர்ராஸீ கண்டார், இப்னு ஸீனா கண்டார்' என்று பெருமை பேசுவதோடு வரலாற்றை மூடிவைத்து விடுகின்றனர். அப்பெருமை 1971-ஆம் ஆண்டில் ஒரு ரொட்டியையும் தடுக்கவில்லை. இங்கிலாந்து 1940-இல் அறிந்திருந்தது. ஸ்வீடன் 1966-இல் அறிந்திருந்தது. இராக்கின் மருத்துவர்களே 1956-லும் 1960-லும் கண்டிருந்தனர். அறிவு இருந்தது. மாவு பிசையும் பெண்ணின் மொழியில் அது இல்லை.

நம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வரும் மருந்துப் புட்டிகளை எடுத்துப் பாருங்கள். நம் உழவரும், நம் வீட்டுப் பெண்டிரும் படிக்கக்கூடிய எழுத்தில், கண்ணுக்குத் தெரியும் அளவில் எச்சரிக்கை இருக்கிறதா? இல்லையெனில், படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்ல வேண்டும். அறபு கற்றவனாயினும், ஆங்கிலம் கற்றவனாயினும், கற்றவன்மேல் கல்லாதவனுக்கு உள்ள உரிமை அதுவே.